பெண்ணின் தொழிலில் முதல் போடுவது எப்படி: திருகோணமலைக்கான ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் வாழும் சகோதரர்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், அரச சேவையில் சம்பளம் பெறும் உறவினர்கள் என்று திருகோணமலை மாவட்டத்துப் பெண்களின் தொழிலுக்குக் கைகொடுக்க முன்வருவோருக்குக் குறைவில்லை. ஒரு தையல் இயந்திரமோ, பத்துக் கோழிக்குஞ்சுகளோ, ஒரு சோடி ஆடோ கையளிக்கப்படுகிறது. பதாகைக்கு முன்னால் படம் எடுக்கப்படுகிறது. ஒன்றரை ஆண்டு கழிந்தபின் அந்த இயந்திரம் அடகில் இருக்கிறதா, வீட்டு மூலையில் இருக்கிறதா என்று கேட்க எவரும் வருவதில்லை. ஐம்பதாயிரம் ரூபாவிலிருந்து ஐந்து இலட்சம் ரூபா வரையான ஒரு தொகையை ஒரு பெண்ணின் தொழிலில் போட விரும்பும் தனியாளுக்கும் சிறு குழுவுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தொழில் தொடங்கவிருக்கும் பெண்ணும் இதைத் தனக்காகவே படிக்கலாம். பணம் தர வருபவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது. போட்ட பணம் ஓராண்டுக்குப் பின் யாருடைய கையில், எந்த உருவில் இருக்கும்?

பணம் போகும் வழியை முதலில் அறிதல்

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய பொருளியலாளர்களுடன் இணைந்து களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் ஓர் ஆய்வை நடத்தினார். மிகச் சிறிய தொழில்களை நடத்துவோரிலிருந்து குலுக்கல் முறையில் தெரிவானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவி, பணமாகவோ பொருளாகவோ, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டில் வழங்கப்பட்டது. ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம், வங்கிக் கடன் வட்டியையும் விஞ்சும் அளவுக்கு உயர்ந்தது. பெண்கள் நடத்திய தொழில்களிலோ சராசரி இலாபம் உயரவே இல்லை. பெண்களுக்கு வியாபாரத் திறமை போதாது என்று இதற்குப் பொருள் கொள்ள விரும்பியவர்களுக்கு, எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு பதில் தந்தது. இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை வீட்டு மட்டத்தில் மீண்டும் பார்த்த அவர்கள், வீட்டில் பெண்ணின் தொழில் ஒன்றே தொழிலாக இருந்த இடங்களில் அவருடைய இலாபமும் ஆணின் இலாபத்துக்கு ஒப்பாகவே உயர்ந்ததைக் கண்டனர். கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில் பெண்ணின் பெயரில் வந்த பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது.

நமது கரையோரத்தில் இதை விளங்கிக்கொள்ள ஆய்வு ஏதும் தேவையில்லை. மூதூரிலோ குச்சவெளியிலோ கணவர் கடலுக்குப் போகும் வீட்டில், படகின் வெளியிணைப்பு இயந்திரம் பழுதாகும் நாளில் மனைவியின் தொழில் முதலே முதலில் எடுக்கப்படும். தம்பலகாமத்திலோ வெருகலிலோ அது பெரும்போகத்து உரத்துக்கும் உழவுக்கும் போகும். பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக் கட்டணம், மூத்த மகளின் திருமணத்துக்கான நகை, உறவில் ஒரு சாவீடு என்று பணத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் வீண் செலவு அன்று. ஆயினும் தொழிலுக்கென்று போட்ட பணம் இவ்வழியே வெளியேறுமானால் தொழில் நிற்கும். நின்றதற்கான பழி பெண்ணின் மேல் விழும்.

ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் வீட்டின் வரவு செலவைப் பேச வேண்டும். ஒரு பாடசாலைக் கொப்பியில் பன்னிரண்டு பக்கங்களை மாதத்துக்கு ஒன்றாக ஒதுக்கி, ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு எங்கிருந்து என்ன வருகிறது, எதற்குப் போகிறது என்பதை அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மொத்தத் தொகையைக் கேட்டால் ஏறத்தாழ ஓர் எண் வரும். குறிப்பிட்ட காலத்தைக் கேட்டால் உண்மை வரும். “அக்கா, போன கார்த்திகை மாரியில் அரிசி வாங்க யாரிடம் கைமாற்று வாங்கினீங்கள்?” என்ற ஒரு கேள்வி, வருமானம் எவ்வளவு என்று பத்துத் தடவை கேட்பதைவிடக் கூடுதலாகச் சொல்லும். இந்தப் பேச்சு ஒரு முறை கணவரும் இருக்கும்போதும், இன்னொரு முறை அவர் இல்லாதபோதும் நடைபெற வேண்டும். இரண்டாவது பேச்சுக்கு ஒரு பெண் போவதே முறை. கணவரை ஒதுக்கிவைத்து இதைச் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்குத் தொல்லையையே சேர்க்கிறார்கள். பணத்தின் நோக்கம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது யாருடைய பணம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கம் கடனுக்குரியது. வங்கியில் அடகு வைத்த நகை, கடையில் உள்ள பற்று, சீட்டில் எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் தவணை, நுண்கடன் நிறுவனத்துக்கான கிழமைத் தவணை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து அறவிடப்பட்ட நுண்கடன்கள் வடக்கு கிழக்கில் எத்தனை குடும்பங்களை நெருக்கின என்பது ஊரறிந்த செய்தி. 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்த பின்னரும், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்று நிலுவையில் விழுந்திருந்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

கடன் பக்கத்தில் வட்டியைக் கணக்கிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லிக் கொடுத்து, 1,24,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதத் தவணைகளில், மாதம் 10,333 ரூபா வீதம் அறவிட்டால், அது 24 வீதமாகாது. முதல் மாதத்திலிருந்தே கடனின் முதல் தொகை குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். இத்தகைய கடன் ஒன்று ஏற்கெனவே இருக்குமானால், புதிய தொழிலுக்குப் பணம் போடுவதற்கு முன்னர் அதை அடைத்துவிடுவதே சிறந்த முதலீடு என்பது என் கருத்து. 42 வீத இலாபம் தரும் சிறுதொழிலைக் கண்டுபிடிப்பதைவிட 42 வீத வட்டியை நிறுத்துவது எளிது.

தொழிலைத் தெரிவுசெய்தல்

திருகோணமலையின் ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பயணிகள் நிறைவர். புறாமலைக்குப் படகுகள் ஓடும். ஒக்டோபரில் மழை தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும்போது அந்தக் கரை வெறிச்சோடும். பயணிகளை மட்டும் நம்பிய தொழில் ஒன்றுக்குப் பணம் போடுவோர், மீதி மாதங்களில் அந்தப் பெண் என்ன செய்வார் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரும் அடுத்த ஆண்டின் பெருந்தொற்றிலும் பயணிகள் வரவு எப்படி ஒரே நாளில் நின்றது என்பதை நிலாவெளியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதனாலேயே, கவர்ச்சி குறைந்த, ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் தொழில்களை நான் மேலாகக் கருதுகிறேன். திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். மாகாணத் திணைக்களங்கள், மாவட்டச் செயலகமான கச்சேரி, வைத்தியசாலை, துறைமுகம், வங்கிகள் என்று பகல் சாப்பாடு வாங்கும் ஆட்கள் கிழமையில் ஐந்து நாட்களும் இருக்கிறார்கள். காலையில் கடைகளுக்கு இடியப்பமும் பிட்டும் போடுவது, பகலில் சோற்றுப் பொதி கொடுப்பது, மாதச் சம்பளக்காரர் வீடுகளுக்கு வறுத்தரைத்த மிளகாய்த்தூள் கொடுப்பது ஆகியவற்றில் வாங்குபவர் நாளையும் வருவார். பாடசாலை உணவுத் திட்டத்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் பல ஊர்களில் பெண்களுக்கே கிடைக்கிறது. அதில் சமைத்த பின்னரே பணம் வரும் என்பதால், இடைப்பட்ட நாட்களுக்குக் கைப்பணம் இல்லாதவர் கடைக்காரரின் கடனாளியாகிவிடுவார். வெளியிலிருந்து வரும் சிறு முதல் உண்மையில் பயன்படும் இடங்களில் இது ஒன்று.

தையலைப் பற்றி ஒரு வரி போதும்: அந்தக் கிராமத்தில் எத்தனை இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்த பின்னரே இன்னொன்றை வாங்குங்கள்.

கருவாடு சற்று விரிவாகப் பேச வேண்டிய பொருள்; கணக்கில் விடப்படும் பிழைகள் அதிலே தெளிவாகத் தெரிகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பெண் 20 கிலோ மீனை கிலோ 600 ரூபாவுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனுக்கு 12,000 ரூபா, உப்புக்கு 450, முச்சக்கரவண்டிக்கு 800, பொதி செய்ய 700 என்று மொத்தம் 13,950 ரூபா செலவாகிறது. குடல் நீக்கி, உப்பிட்டு, உலர்த்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். 7 கிலோ கிடைத்ததாகக் கொள்வோம். கிலோவொன்றுக்கு அடக்கவிலை 1,993 ரூபா. வியாபாரி வீட்டுக்கே வந்து 2,000 ரூபா தருகிறார். நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் மீனை வெட்டிக் கழுவி, வெயிலில் புரட்டி, காகத்துக்கும் நாய்க்கும் காவல் இருந்த இரண்டு நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபா போட்டால் அடக்கவிலை 2,421 ரூபாவாகிறது. ஒவ்வொரு கிலோவிலும் 421 ரூபாவை அவர் தன் உடம்பிலிருந்து வியாபாரிக்குக் கொடுக்கிறார். விலைகள் கிழமைக்குக் கிழமை மாறும். இந்தக் கணக்கின் அமைப்பு மாறாது. பெண்ணின் கூலியை எழுதாத எந்த இலாபக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இந்த நட்டத்தை எப்படி மாற்றுவது? உலர்த்தும் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியவை மலிவானவை. மணலில் பாய் விரித்து உலர்த்தாமல், இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு வலை கட்டி உலர்த்தினால், கருவாட்டில் மண் இருக்காது. மண்ணில்லாத கருவாட்டுக்கு நகரக் கடைகளில் வேறு விலை. அடுத்ததாக, கடல் திறந்திருக்கும் மாதங்களில் மீன் குவிந்து விலை விழும் நாட்களில் வாங்கி, நன்றாக உலர்த்திக் காற்றுப்புகாமல் வைத்து, மாரியில் கடலுக்குப் போகாத கிழமைகளில் விற்றால், வியாபாரி பெறும் இலாபத்தின் ஒரு பகுதி வீட்டுக்கு வரும். இவ்வாறு காத்திருக்க அவருக்கு மூன்று நான்கு மாதங்கள் முடங்கிக் கிடக்கக்கூடிய பணம் வேண்டும். கருவாடு வியாபாரிக்குக் குறைந்த விலையில் போவதற்குக் காரணம், அந்தப் பெண்ணால் கிழமை முடிவுக்குமேல் காத்திருக்க முடியாது என்பதே. முதலீட்டாளரின் பணம் அந்தக் காத்திருப்பை வாங்க வேண்டும்.

எருமைத் தயிருக்கும் இதுவே பொருந்தும். கந்தளாய், சேருவில், மூதூர்ப் பக்கங்களில் பால் பெருகும் காலமும் குறையும் காலமும் வேறாக இருப்பதால், சட்டி, பால், போக்குவரத்து ஆகிய மூன்றின் விலையையும் இரு காலங்களுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

உணவுப் பொருளைப் பொதிசெய்து கடைக்குக் கொடுப்பதானால், உற்பத்தி இடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்கு உட்பட வேண்டும். பொதியின் மேல் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, தயாரிப்பவரின் முகவரி ஆகியன இருக்க வேண்டும். இதற்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வடிவில் கொடுப்பது

நன்கொடையாகவா, கடனாகவா, பங்காகவா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. பல ஆண்டுகளாக ஒரே தொழிலைச் செய்து, வாங்குபவர்களையும் வைத்திருக்கும் ஒருவருக்குக் கடன் பொருந்தும். இப்போதுதான் தொடங்கும், கையில் சேமிப்பே இல்லாத ஒருவருக்கு முழுத் தொகையையும் கடனாகக் கொடுப்பது, தொழிலின் முதல் ஆண்டு நட்டத்தை அவர் தலையில் சுமத்துவதாகும். அத்தகையவருக்குக் கருவிகளை நன்கொடையாகவும் சரக்குக்கான பணத்தை வட்டியில்லாக் கடனாகவும் கொடுக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழாரபா முறையில், பணம் ஒருவருடையது உழைப்பு மற்றவருடையது என்று வைத்து, இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு பழக்கமானது. இதில் உழைத்தவரின் கவனக்குறைவால் நேராத நட்டம் பணம் போட்டவரையே சேரும் என்பதால், முதலீட்டாளர் தொழிலைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வார். முஸ்லிம் அல்லாதவர்களும் இம்முறையைக் கையாள எத்தடையும் இல்லை.

தவணையைத் தொழிலின் வரவுக்கேற்ப வையுங்கள். ஜூலையில் வருமானம் வரும் தொழிலுக்கு டிசம்பரில் தவணை கேட்டால், அந்தத் தவணை நகை அடகிலிருந்து வரும். பயணிகள் காலத்தில் கூடிய தவணை, மாரி மாதங்களில் தவணை இல்லை என்று ஒரு பக்க ஒப்பந்தத்தில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும்.

மொத்தத் தொகையை ஒரே நாளில் ஒரே கையில் கொடுக்காதீர்கள். கானாவில் நடந்த ஒரு பரிசோதனையில், பெண்களுக்குப் பணமாகக் கொடுத்ததைவிடச் சரக்காகவும் கருவியாகவும் கொடுத்தபோதே, குறிப்பாக ஓரளவு வளர்ந்த தொழில்களில், இலாபம் கூடுதலாக உயர்ந்தது. பணத்தை யாரும் கைமாற்றாகக் கேட்கலாம், அரைத்த மிளகாய்த்தூளைக் கேட்பவர் குறைவு. என் பரிந்துரை இது: தொகையில் பாதியைச் சரக்குக்கும் மூலப்பொருளுக்கும், முப்பது வீதத்தைக் கருவிக்கும் ஒதுக்கி, எஞ்சிய இருபது வீதத்தைப் பெண்ணின் பெயரில் வைப்பாக வையுங்கள். இரண்டு இலட்சம் ரூபா என்றால் அந்த வைப்பு நாற்பதாயிரம். அதிலே பாதி தொழிலின் கெட்ட மாதத்துக்கு. மற்றப் பாதியை வீட்டு நெருக்கடிக்கென்றே வெளிப்படையாக ஒதுக்கிக் கணவருக்கும் சொல்லிவிடுங்கள். படகு இயந்திரம் பழுதாகும் நாளில் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை என்று ஒரு மனைவி சொல்ல முடியாது. இருபதாயிரம் இருக்கிறது, அதற்குமேல் உள்ளது சரக்கு என்று சொல்ல முடியும். பணம் போகும் வழியை அடைக்க முயல்வதைவிட அதற்கு ஓர் அளவு வைப்பது நடைமுறைக்கு உகந்தது.

யார் பெயரில்

வங்கிக் கணக்கு அவருடைய தனிப் பெயரில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி வரும் தொலைபேசி எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. மகனின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும் கணக்கு, மகனின் கணக்குத்தான். கருவி வாங்கிய பற்றுச்சீட்டு, வாகனம் என்றால் அதன் பதிவு, மின்சாரத்தைத் தொழிலுக்குப் பெற்றால் அதன் பட்டியல் ஆகியனவும் அவர் பெயரிலேயே அமைய வேண்டும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், இடம் பற்றிய ஆவணமும், அடையாள அட்டையும் தேவைப்படும். பின்னர் வங்கிக் கடனுக்கோ பாடசாலை உணவு ஒப்பந்தத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இந்தப் பதிவே முதலில் கேட்கப்படும். இரண்டொருவரை வேலைக்கு வைக்கும் நிலைக்குத் தொழில் வளர்ந்தால், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காணி சிக்கலான விடயம். மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளில் வாழ்கின்றன. பின்னுரித்தாளர், அதாவது உரியவருக்குப் பின் காணியைப் பெறுபவர், பெயரிடப்படாத இடத்தில் அச்சட்டம் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது. ஒரு பெண் தன் உழைப்பில் கொட்டகை அமைக்கப்போகும் காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது, பின்னுரித்தாளராக எவர் பெயரிடப்பட்டிருக்கிறார் என்பதை, செங்கல் வாங்குவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பார்த்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் கழற்றி நகர்த்தக்கூடிய கட்டமைப்பே நல்லது.

போரில் கணவர் காணாமற்போன பெண்களுக்கு இன்னொரு தடை உண்டு. கணவரின் பெயரில் உள்ள கணக்கையும் சொத்தையும் அவர்களால் தொட முடிவதில்லை. மரணச் சான்றிதழ் எடுக்காமலேயே அவற்றைக் கையாள்வதற்காக, ஆள் காணப்படாமைக்கான சான்றிதழ் ஒன்றை வழங்கும் ஏற்பாடு 2016 இல் சட்டத்திருத்தத்தின் மூலம் கொண்டுவரப்பட்டது. அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று சொல்வது முதலீட்டாளரின் கடமை. அதை எடுக்கும்படி வற்புறுத்த அவருக்கு உரிமை இல்லை. கணவரைத் தேடும் போராட்டத்தில் இன்றும் நிற்கும் ஒரு பெண்ணுக்கு எந்தச் சான்றிதழும் வெறும் தாளாக இருப்பதில்லை.

குழுவும் சேமிப்பும்

தனியாக நிற்பதைவிட ஐந்து முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து நிற்பது பல வகையில் பயன் தரும். உப்பையும் பொதி உறையையும் மொத்தமாக வாங்கலாம்; ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் இடியப்பத்தைக் கடைக்குக் கொடுக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்கெனவே இருக்கும் ஊரில் புதிய சங்கம் ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. அவற்றின் கணக்குக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டும் சங்கத்துடன் வேலை செய்யுங்கள்.

ஆனாலும் குழுவை ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணையாக்கும் கருவியாக மாற்றாதீர்கள். தவணை கட்டத் தவறியவரின் வீட்டுமுன் அயல்பெண்களை உட்கார வைத்த முறை எத்தனை அயல் உறவுகளை அறுத்தது என்பதை இந்த மாவட்டம் கண்டது. குழு சேமிப்புக்காக இருக்கட்டும். 1974 இல் இந்தியாவின் அகமதாபாத்தில், எலா பட் வழிநடத்திய சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்துப் பெண்கள் தாங்களே பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கியபோது, அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது கடன் மட்டுமன்று. வீட்டுக்கு வெளியே, தம் பெயரில், பணம் வைக்க ஓர் இடம். நமது பெண்கள் சீட்டுப் பிடிப்பதும் அதே தேவைக்காகத்தான். சீட்டைக் குறை சொல்வதைவிட அதை ஒழுங்காக எழுதி வைக்க உதவுவது மேல்: யார் எப்போது எடுத்தார், எவ்வளவு கழிவு, யார் பாக்கி என்று ஒவ்வொருவர் கொப்பியிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும்.

நேரமும் போக்குவரத்தும்

இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். விறகு, தண்ணீர், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குதல், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பின்னர் நாளில் எத்தனை மணித்தியாலம் எஞ்சுகிறது என்பதே தொழிலின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே சில வீடுகளில் மிகச் சிறந்த தொழில் முதலீடு தொழிற்கருவியே அன்று. குழாய்நீர் இணைப்போ, எரிவாயு அடுப்போ, பாலர் பாடசாலைக் கட்டணமோ ஆகும். நன்கொடையாளர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், ஏனெனில் குழாய்நீர் இணைப்பைப் படம் எடுத்து அனுப்ப முடியாது.

ஸ்கூட்டரையும் இவ்வரிசையில் வைக்கிறேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, படகுப்பாதைக்காகக் காத்திருந்தே கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வர வேண்டியிருந்தது. பாலம் வந்த பின் ஊர்கள் நெருங்கின. ஆனால் வெருகலில் இருந்து பேருந்தில் வந்து, பொருளைக் கொடுத்து, பிள்ளைகள் பாடசாலை விட்டு வருவதற்கு முன் திரும்புவது இன்னும் கடினமே. ஓட்டுநர் உரிமம் எடுப்பதற்கான செலவையும் பழைய ஸ்கூட்டர் ஒன்றுக்கான பணத்தையும் இருவர் அல்லது மூவருக்குப் பொதுவாகக் கொடுத்தால், இடைத்தரகர் இல்லாமலே அவர்கள் நகரக் கடைகளுக்குப் போகலாம். உரிமம் எடுப்பதற்கு முன் வாகனம் வாங்காதீர்கள்; இல்லாவிட்டால் அது தம்பியின் வாகனமாகிவிடும்.

பின்தொடர்தல்

பதினெட்டு மாதங்களுக்கு, மாதம் ஒரு முறை, ஒரே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, வெளியே யார் யார் எவ்வளவு தர வேண்டும். விற்பனை எவ்வளவு என்று கேட்டால் நல்ல எண்ணே வரும். மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் தொழிலின் நோயைக் காட்டும். அயலவருக்கும் உறவினருக்கும் கொடுத்த கடன் கொப்பியில் ஏறிக்கொண்டே போக, சரக்கு குறைந்துகொண்டே வரும். மறுத்தால் முகம் முறியும் என்பதால் பெண்கள் கொடுத்துவிடுகிறார்கள். “பணம் போட்டவர் கடன் கொடுக்க வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட்டார்” என்று சொல்லத்தக்க ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால், மறுப்பின் பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

வருமானம் ஏறும்போது வீட்டில் சில நேரம் உரசலும் ஏறும். கணக்குப் புத்தகம் பிடுங்கப்பட்டது, தொலைபேசி உடைக்கப்பட்டது என்று காதில் விழுந்தால், அது தொழில் விடயம் அன்று என்று ஒதுங்காதீர்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். 1938 என்ற தேசிய பெண்கள் உதவி இலக்கமும் உண்டு. எதைச் செய்வது என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். அவர் கேட்காமல் நீங்கள் கணவரிடம் பேசப் போவது நிலைமையை மோசமாக்கலாம்.

சில தொழில்கள் நிற்கும். ஒரு முழு ஆண்டுச் சுற்று, அதாவது ஒரு பயணிகள் காலமும் ஒரு மாரியும் கடந்த பின்னரும், பெண்ணின் நாட்கூலியைக் கழித்துப் பார்த்தால் எதுவும் மிஞ்சாவிட்டால், இன்னொரு தொகை போட்டு அதை நீட்டிக்காதீர்கள். எஞ்சிய சரக்கை விற்று, கருவியை அவரிடமே விட்டு, கடன் மீதி இருந்தால் அதில் எவ்வளவைத் தள்ளுவது என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அதே பெண் வேறு தொழிலுடன் வந்தால், பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு மீண்டும் முதற் பக்கத்திலிருந்து பேசலாம்; வீட்டின் பன்னிரண்டு மாதங்களும் இப்போது இருவருக்கும் தெரியும் என்பதால் இரண்டாவது பேச்சு விரைவில் முடியும். தொழில் நின்று, கடன் திரும்பி வருமானால், அத்தொகையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை உங்கள் சங்கத்தின் கூட்டத்தில் எடுக்காமல், ஏற்கெனவே வாங்கித் திருப்பிக் கட்டிய பெண்களிடம் விடுங்கள். எந்த வீட்டில் பணம் எவ்வழியே போகும் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.